கொறற்றி சொல்லாத பெயர்

ஞாயிற்றுக்கிழமை ஜேர்மனியின் ஹம் நகரில் திருமுழுக்கு. தங்கை கிறிஸ்ரினாவின் மகனுக்குக் கொறற்றிதான் ஞானத்தாய். படிவத்தில் அவளுடைய கையெழுத்து மட்டுமே பாக்கி. தங்கையின் கணவன் பென்ஜமின் அதை மேசையில் விரித்தான்.

பிள்ளை பிறந்து இரண்டு மாதமாக எல்லாரும் ‘குஞ்சு’ என்றே கூப்பிட்டார்கள். பதிவுப் பெயரைக் கொறற்றி கேட்கவே இல்லை. இப்போதுதான் படித்தாள்: அலெஸ்ஸாந்திரோ.

புழுத்த பருப்பைக் கடித்ததுபோல ஓங்காளித்தது.

“வடிவான பேர், மச்சாள்,” என்றான் பென்ஜமின். “கிரேக்கத்தில ரெண்டு சொல்லு. ஒண்டு காக்கிறது, மற்றது மனுசன். சேர்ந்து அலெக்சாந்திரோஸ். இத்தாலிக்காரர் நடுவில இருந்த வல்லின ஓசையைக் கரைச்சுப்போட்டினம். மனுசரைக் காக்கிறவன்.”

“காக்கிறவனோ? மரியா கொறற்றியைக் குத்தினவன்ர பேர் தெரியுமோ உங்களுக்கு?”

குஞ்சைத் தோளில் போட்டிருந்த கிறிஸ்ரினா கணவனைப் பார்த்தாள்.

கதை அவர்களுக்கும் தெரியும். 1902இல் இத்தாலியில் நடந்தது. மரியாவுக்குப் பதினொரு வயது. ஒரே வீட்டில் குடியிருந்த இளைஞன் அவளை வற்புறுத்தினான். இணங்காதபோது பதினான்கு முறை குத்தினான். அவனை மன்னித்துவிட்டு மறுநாள் அவள் இறந்தாள். பின்னர் புனிதையானாள். அவளுடைய பெயரைத்தான் அம்மா மூத்த மகளுக்கு வைத்தார். ஒவ்வொரு ஜூலையிலும் இந்தக் கதையைச் சொல்வார். ஆனால் கொலைகாரனின் பெயரை உச்சரிக்க அருவருத்து, ‘அந்தப் பாவி’ என்பதோடு நிறுத்திவிடுவார். கொறற்றி அவன் பெயரைச் செபப் புத்தகத்தில் தேடிப் படித்தவள்; படிவத்தில் இருந்த அதே பெயர். கிறிஸ்ரினா படித்ததில்லை.

பென்ஜமின் கைபேசியில் தேடினான். “மறியல் தண்டனை முடிஞ்சு வந்து, திருந்தி, மடத்தில இருந்தவனாம். ரெண்டாம் பேராய் மரியாவைச் சேர்ப்பமே? இஞ்ச பெடியளுக்கும் வைக்கலாம்.”

“ரெண்டையும் ஒரு பிள்ளையில கட்டப் போறியளோ? சீ.”

“பதிஞ்சாச்சு அக்கா,” என்றாள் கிறிஸ்ரினா. “அவவே மன்னிச்சவா. உங்களுக்கு ஏலாதோ?”

“மன்னிச்சது அவா. என்னட்ட அவவின்ர பேர் மட்டும்தான் இருக்கு.”

“அப்ப வேற ஆளைப் பாக்கட்டோ?” கிறிஸ்ரினாவின் குரல் உடைந்தது.

அந்த நேரம் குஞ்சு பாலைக் கக்கினான். முதியோர் இல்லத்தில் பதினேழு வருடம் வேலை செய்த கொறற்றியின் கை, கேட்காமலே அவனைத் தூக்கியது. புளித்த பால் கழுத்து மடிப்பில் இறங்கியிருந்தது. விரலாலேயே துடைத்தாள். அது அவளுக்கு அருவருக்கவில்லை. அவன் அவளுடைய சட்டையில் வாயைத் துடைத்துக்கொண்டு கொட்டாவி விட்டான்.

தாளில் கண் பட்டதும் முகத்தைத் திருப்பினாள். மேலே அவன் பெயர். கீழே, அதே தாளில், அவளுடையது வர வேண்டும்.

“நான் குஞ்சு எண்டுதான் கூப்பிடுவன்,” என்றாள். “அவனுக்குக் கலியாணம் நடந்தாலும் குஞ்சுதான்.”

“கூப்பிடுங்கோ,” என்றாள் தங்கை.

பிள்ளையை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு, தாளின் அடிவிளிம்பில், கோட்டுக்கும் கீழே, கொறற்றி என்று எழுதினாள். பிறகு பிள்ளையின் பெயர் இருந்த மேல் பாதி உள்ளே போகும்படி மடித்துப் பென்ஜமினிடம் கொடுத்தாள்.