வெட்டி ஒட்டிய குரல்

பஸ் டிரைவர் குழுவை விட்டுப் போய்விட்டார். போகிற போக்கில் ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்: 'அது என் குரல் இல்லை.'

கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு அவள் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். முன்பக்கத்தில் யாரோ ஃபிரேம் மாட்டிப் பார்த்துச் சிரிக்கிற சத்தம். முன்பக்க வேலைக்கு முதலாளி எத்தனையோ முறை கூப்பிட்டுவிட்டார். பின்னறைதான் பிடித்திருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் தலையாட்டி மறுத்திருக்கிறாள். பிடித்ததெல்லாம் ஒன்றுமில்லை. இயந்திரம் அவள் பெயரைக் கேட்காது, அவ்வளவுதான்.

திக்கிப் பேசுகிறவர்களுக்காக அவள் தொடங்கிய இணையக் குழு அது. குரலைப் பதிவு செய்து அனுப்புவார்கள். மாடரேட்டர் கேட்டுப் பார்த்துப் பொதுவில் விடுவார். சட்டம் ஒன்றே ஒன்று. ஒருவர் சொல்லி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும், சொல் மாட்டிக்கொண்டால் எடுத்துக்கொடுக்கக் கூடாது.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பிறகு கட்சி பிரிந்தது. மூச்சுப் பயிற்சி செய்து திக்கலை ஒழித்துக்கட்ட வேண்டும் என்று ஒரு கட்சி. திக்கினால் திக்கட்டும், கேட்கிறவன் காத்திருக்கட்டும் என்று இன்னொரு கட்சி. மாடரேட்டராக இருந்தவர் பயிற்சிக் கட்சி. பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார் என்பதால் அவருக்கு ரேடியோ என்று பெயர். எதிர்க்கட்சியின் பதிவுகளைக் கிடப்பில் போடுகிறார் என்று புகார் வந்தது. அவரை எடுத்துவிட்டுக் கொஞ்ச நாள் அவளே கேட்டுப் பார்த்தாள். உள்ளேயிருந்து யாரைப் போட்டாலும் ஏதாவதொரு கட்சி. எந்தப் பக்கமும் சாயாத வெளியாள்தான் வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது.

அண்ணி கால்சென்டரில் மேற்பார்வையாளர். "ஊர்ல இருக்கிறவங்க கோபத்தையெல்லாம் காதுல வாங்கறவ நான். எங்கிட்ட விடு," என்றாள். விட்டாயிற்று.

டிரைவருக்கு ஒரு சிக்கல். நிறுத்தத்தின் பெயரை இனி டிரைவர்களே மைக்கில் சொல்ல வேண்டும் என்று பஸ் நிறுவனம் உத்தரவு போட்டிருந்தது. அடுத்த வாரம் சோதிக்க ஆள் வரும். அதற்காகத் தன் வழித்தடம் முழுவதையும் வாய்விட்டுச் சொல்லிப் பதிவு செய்து அனுப்பினார். பொதுவில் வந்தபோது அது தண்ணீர் மாதிரி ஓடியது. 'பிரமாதம்', 'குணமாகிவிட்டதே' என்று பாராட்டு குவிந்தது. அதற்குப் பிறகுதான் அந்த ஒரு வரி.

அவள் வீட்டுக்கு வந்தபோது அண்ணி கட்டிலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அ... அண்ணி, அந்த டி... டி..."

"டிரைவர் ஆடியோவா? கேட்டியா? எப்படி இருக்கு!"

"நீங்க அதை..."

"ஆமா, நான்தான். அனுமார் வால் மாதிரி அனுப்பியிருந்தார். பாதிக்கு மேல வெறும் காத்து. பாவம், மனுஷன் முக்கி முக்கி... எங்க ஆபீஸ்ல இதுக்குன்னே ஒரு ஆப் இருக்கு. இடைவெளி, திக்கலெல்லாம் அதுவே எடுத்துடும். போட்டேன், கணீர்னு வந்துடுச்சு. சந்தோஷப்பட்டாரா?"

கோபம் வந்தால் அவளுக்கு முதலில் காலை வாருவது நாக்குதான். அண்ணி கெட்டவளாக இருந்திருந்தால் எவ்வளவு வசதியாக இருந்திருக்கும். கையில் அண்ணனின் சட்டையோடு, பாராட்டுக்குக் காத்திருக்கிற குழந்தைபோல நிற்கிறாள்.

வெராண்டாவுக்குப் போய் ரேடியோவைக் கூப்பிட்டாள்.

"வா... வாங்க தலைவி! நான் அப்பவே தலையால அடிச்சுக்கிட்டேன், வெளியாள் வேணாம்னு. நம்ம வலி நமக்குத்தானே தெரியும்?"

"ஒ... ஒண்ணு கேக்கணும். பதிவு வந்தா நீங்க எ... எப்படிக் கேப்பீங்க?"

"எப்படின்னா? ரெண்டு மடங்கு வேகத்துல ஓடவிட்டுத்தான். பின்ன? இத்தனை பேர் திக்கறதையும் அப்படியே கேட்டா நான் எப்ப பல்லு வெளக்கறது, எப்ப வேலைக்குப் போறது?" பெரிய நகைச்சுவை சொன்னதுபோலச் சிரித்தார்.

ஃபோனைத் தூக்கிச் சுவரில் அடிக்கலாம் போலிருந்தது. வெளியாள் வெட்டுகிறாள், உள்ளாள் விரட்டுகிறார். திக்குகிறவனுக்குப் பொறுமை கூடவே பிறந்துவிடும் என்று யார் சொன்னார்கள்? அவளையே எடுத்துக்கொள்ளலாமே. அடுத்தவர் திணறுவதைக் கேட்டால் அவள் தாடையும் இறுகும். அண்ணியிடம் வேலையை ஒப்படைத்த அன்று தோளிலிருந்து மூட்டை இறங்கினாற்போல இருந்ததே, அதற்கு நடுநிலைமை என்றா பெயர்?

அண்ணியிடம் அசல் பதிவு இருந்தது. வாங்கி, வெராண்டாப் படியில் உட்கார்ந்து கேட்டாள்.

'அடுத்த நிறுத்தம்' என்பது சுலபமாக வந்தது. அதற்குப் பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை. நின்ற பஸ்ஸுக்குள் இண்டிகேட்டர் மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. மூச்சு. ஸ்டியரிங்கில் விரல் தட்டுகிற ஒலி. இரண்டு முறை அவளே அந்தப் பெயரை முணுமுணுத்துவிட்டாள், வெட்கமாக இருந்தது. ஓரிடத்தில், மூன்றாவது தடவையும் வராமல்போன பெயரைப் பார்த்து, அவர் தனக்குத்தானே சிரித்தார். நல்ல சிரிப்பு. அதையும் அந்த ஆப் காற்று என்று நினைத்து எடுத்துவிட்டிருக்கிறது.

எழுந்து உள்ளே போனாள்.

"அண்ணி, நீங்க இனிமே மா... மாடரேட்டரா..."

"இருக்க வேணாமா?" என்று அண்ணி முடித்தாள்.

சரியாகத்தான் முடித்தாள். தலையாட்டினால் வேலை தீர்ந்தது. இத்தனை வருடமும் அப்படித்தான் தலையாட்டித் தலையாட்டி வாழ்ந்திருக்கிறாள். இப்போது அவள் ஆட்டவில்லை. முதலிலிருந்து தொடங்கினாள். 'மா'விலேயே மறுபடி மாட்டிக்கொண்டாள். எடுத்துக்கொடுக்க அண்ணியின் உதடுகள் துடித்தன. அண்ணன் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு எட்டிப் பார்த்தான். அவள் விடவில்லை. கடைசியில், "இருக்க வேண்டாம்," என்று சொல்லி முடித்தாள்.

அண்ணி மடித்த சட்டையை உதறி மறுபடி மடித்தாள். "உதவின்னு வந்தேன் பாரு, என்னைச் சொல்லணும். அப்ப யாரு? அந்த ரேடியோவா? உங்களுக்குள்ளயே அடிச்சுக்குவீங்க."

"அ... அடிச்சுக்கறோம்."

ரேடியோவை ஒரு பக்கமும் எதிர்க்கட்சி ஆள் ஒருவரை இன்னொரு பக்கமும் உட்காரவைத்து, நடுவில் அவளே மறுபடி மாட்டிக்கொள்ள வேண்டும். நினைக்கும்போதே தலை வலித்தது. ஆனால் அதற்கு முன் ஒரு வேலை பாக்கி இருந்தது. டிரைவரின் எண்ணை அழுத்தினாள். முதல் தடவை எடுக்கவில்லை. மறுபடி அழுத்தினாள்.

"உங்க ப... பதிவைக் கேட்டேன். வெட்டாததை. முழுசா."

வைத்துவிட்டாரோ என்று ஃபோனைப் பார்த்தாள். வைக்கவில்லை.

"வெ... வெட்டினதுதான் நல்லா இருக்குன்னு எம் பொ... பொண்டாட்டி சொல்றா, தலைவி. ஃபோனை மைக்கு பக்கத்துல வெச்சு அதையே ஓட்டிடுங்கறா. ஸ்... ஸ்டாப்புக்கு ஒரு துண்டா."

"நீங்க எ... என்ன சொன்னீங்க?"

அவர் மூச்சை இழுத்துவிடுவது கேட்டது. பின்னால் யாரோ பாத்திரத்தை நங்கென்று வைத்தார்கள்.

"இ... இன்னும் சொல்லி மு... முடிக்கல," என்றார்.