பூஜைக்கு வைத்த எருமை

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு மணிக்கு ஹம்சா வீட்டுக்குள் நுழைந்தபோது, அவளுடைய எருமை கொலுப்படிக்கு முன்னால் மணைப்பலகை மேல் நின்றுகொண்டிருந்தது. முதுகில் ஒரு முழம் சாமந்திச் சரம். காலடியில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், ஒரு கிண்ணம் சுண்டல். ஒரு பக்கம் புத்தகக் கட்டு, இன்னொரு பக்கம் சுருதிப்பெட்டி. கற்பூரம் காட்டி முடித்த தட்டு இன்னும் சூடாக இருந்தது.

தொண்ணூற்றாறாம் வருஷத்துச் சரஸ்வதி பூஜை அன்று.

"என்னன்னா இது?" என்றாள் ஹம்சா.

அவள் கணவர் ஸ்ரீனிவாசராகவன் ஈரத்துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே சமையலறையிலிருந்து வந்தார். இன்ஷூரன்ஸ் ஆபீசில் இருபத்தெட்டு வருஷமாக மற்றவர்களுடைய நஷ்டத்தைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுகிறவர். முகமெல்லாம் பூரிப்பு.

"இந்த வருஷம் உன்னோடதையும் பூஜையில வெச்சுட்டேன். எப்பப் பார்த்தாலும் நான் ஒண்ணும் கண்டுக்கறதில்லைன்னு சொல்லுவியே."

ஹம்சாவுக்குச் சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. இரண்டுக்கும் நேரம் இல்லை. சாயங்காலம் ஐந்து மணிக்குள் அந்த எருமை ஆழ்வார்பேட்டையில் இருந்தாக வேண்டும். பூஜையில் வைத்த பொருளையோ, மறுநாள் காலையில் மறுபூஜை முடிகிற வரைக்கும் தொடக் கூடாது, நகர்த்தக் கூடாது. வருஷத்தில் அந்த ஒரு நாள் பாடப் புத்தகத்தைத் தொடவேண்டாம் என்பதற்காகவே சரஸ்வதியைக் கும்பிடுகிற பிள்ளைகள் உள்ள ஊர் இது. வழக்கம் தெரியாதவர்கள் யாரும் இல்லை, டில்லிக்காரர்களைத் தவிர.

அந்த டில்லிக்காரர்கள்தான் கடிதம் போட்டிருந்தார்கள். நாடு முழுக்க உலோகச் சிற்பங்களுக்கு ஒரு கண்காட்சி. சென்னையிலிருந்து வந்த புகைப்படங்களில் பன்னிரண்டைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அதில் ஹம்சாவின் எருமையும் ஒன்று. நடுவர்கள் நேரில் வந்து பார்த்து இரண்டை டில்லிக்கு எடுத்துப் போவார்கள். ஆழ்வார்பேட்டை மண்டபத்தில் இருபதாம் தேதி மாலை ஐந்து மணிக்கு மேல் எதையும் வாங்கமாட்டார்கள். மறுநாள் விடிகாலை விமானத்தில் நடுவர்கள் கிளம்பிவிடுவார்கள்.

ஹம்சா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஏழு வருஷமாக, பள்ளிக்கூடம் விட்டதும் மந்தைவெளியில் பொன்ராஜின் வெல்டிங் கடைக்குப் போய்விடுவாள். புடவைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டு, கறுப்புக் கண்ணாடியை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, பழைய இரும்பில் காக்காய் செய்தாள், ஓணான் செய்தாள், சொறிநாய் ஒன்று செய்தாள். அகம் பக்கத்தில், "மாமி கம்பி கேட்டா ஜன்னல் கிராதியைக்கூடக் குடுத்துடாதீங்கோ" என்று கேலி பேசினார்கள். அதெல்லாம் அவளைத் தொடவில்லை. வீட்டிலே ஒருத்தர் இருந்தாரே, அவர்தான் பொறுக்கமுடியாத ஆள். திட்டமாட்டார், தடுக்கமாட்டார். ஒவ்வொன்றையும் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இது நம்மாத்துப் பழைய பம்போட வாஷர்தானே?" என்பார். காக்காயைக் காட்டினாலும் வாஷர், நாயைக் காட்டினாலும் வாஷர். எருமை மாட்டின் மேல் மழை பெய்தால்கூட அது ஒரு தடவை காதையாவது ஆட்டும்.

எருமைக்கு ஏழு மாதம் ஆயிற்று. கொம்பு இரண்டும் அரிவாள்மணை அலகு. விலா எலும்புக்கு சைக்கிள் ரிம். கழுத்துச் சதைக்கு நாலு கத்தரிக்கோல், கால்களுக்கு ஸ்பானர், காதுக்குக் கரண்டி. பூஜைக்குக் கடையைக் கழுவ வேண்டும் என்று பொன்ராஜ் சொன்னதால் சனிக்கிழமை ராத்திரி ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து நடையில் நிறுத்தினாள். காலையில் எழுந்து ஆழ்வார்பேட்டை வரை போய், எங்கே வைப்பார்கள், படி எத்தனை என்றெல்லாம் பார்த்துவிட்டு வருவதற்குள் அவர் அதைக் கோணிமேல் வைத்து இழுத்துக் கொலுவுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்கானால்கூடப் பரவாயில்லை, குரங்கை நகர்த்தலாம்.

"எடுங்கோ" என்றாள். "ரெண்டு பேரும் பிடிச்சா தூக்கிடலாம்."

ஸ்ரீனிவாசராகவன் முகத்தில் பூரிப்பு வற்றியது. "இன்னிக்கா? பூஜை பண்ணியாச்சே."

"நீங்க பண்ணினேள். என்னைக் கேட்டேளா?"

"நல்லது பண்ணக் கேக்கணுமா? நாளைக்குக் கார்த்தால ஏழு மணிக்கெல்லாம் மறுபூஜை பண்ணிடறேன். அவாகிட்ட சொல்லிப் பாரேன். சொன்னாப் புரிஞ்சுக்க மாட்டாளா?"

ஹம்சா போன் செய்தாள். கண்காட்சியை நடத்தும் பெண்மணி இங்கிலீஷில் மிக இனிமையாகப் பேசினாள். இங்கே ஆயுதங்களுக்குப் பூஜை, அதனால் சிற்பத்தை இன்று நகர்த்த முடியாது என்று ஹம்சா சொன்னாள். உங்கள் எருமை ஆயுதமா என்று அந்தப் பெண்மணி கேட்டாள். இல்லை என்றாள் ஹம்சா. பிறகென்ன என்று கேட்டாள் அவள். ஹம்சா ரிசீவரை வைத்துவிட்டாள்.

ஆனால் கேள்வி நல்ல கேள்வி. அதையே கொண்டுபோய்க் கணவரிடம் போட்டாள்.

"ஆயுதத்தைத்தானே நகர்த்தப்படாது? இது ஆயுதம் இல்லையே. எருமை."

"எருமையா?" அவர் ஆபீஸ் கோப்பைப் பிரிக்கிற மாதிரி குனிந்து ஒவ்வொன்றாகத் தொட்டுக்காட்டினார், தொடாமல். "இது ஸ்பானர். இதுவும் ஸ்பானர். இது கத்தரிக்கோல். இது எங்கம்மா கறிகாய் நறுக்கின அரிவாள்மணை. பார், ஒண்ணு விடாம பொட்டு வெச்சிருக்கேன், பத்து."

அப்போதுதான் ஹம்சா பொட்டுகளைப் பார்த்தாள். ஸ்பானருக்கு ஸ்பானர் சந்தனம், குங்குமம். கத்தரிக்கோல் ஒவ்வொன்றின் வளையத்திலும் ஒன்று. அரிவாள்மணை அலகுக்கு அலகு ஒன்று. நெற்றி மட்டும் காலி. மாட்டுக்குப் பொட்டு வைக்கிறவன் உலகத்தில் எவனாக இருந்தாலும் முதலில் நெற்றியில் வைப்பான். இந்த மனிதருக்கு நெற்றி தெரியவில்லை. இரண்டு மணி நேரம் இதன் எதிரே உட்கார்ந்து, பூப்போட்டு, தீபம் காட்டி, சேவித்துவிட்டு எழுந்திருக்கிறார். ஒரு எருமை எதிரே நிற்பது அவர் கண்ணில் படவே இல்லை.

அவளுக்கு வந்த கோபத்தில் எருமையை ஒற்றை ஆளாகத் தூக்கியிருக்கலாம். ஐம்பது கிலோ என்பதால் முடியவில்லை. அது மட்டும்தான் காரணம் என்றும் சொல்லமுடியாது. நாற்பத்துமூன்று வயதில் ஒரு சரஸ்வதி பூஜைக்குக்கூட அவள் ஒரு புத்தகத்தைத் திறந்ததில்லை. கை நீட்டினால் கை கூசியது. அது வேறு எரிச்சல். பொன்ராஜைக் கூப்பிடலாம் என்றால் அவன் கடையை மூடிவிட்டுச் செங்கல்பட்டு போய்விட்டான். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். இவளுக்கு டில்லி வரம் கொடுத்தும் மயிலாப்பூர் கொடுக்கவில்லை.

"நாலரைக்கு மேல ராகுகாலம் வேற" என்றார் ஸ்ரீனிவாசராகவன், உதவி செய்கிறவர் போல.

ஹம்சா அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். கடிகாரத்துக்குக் கீழே நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். இரண்டரை. மூன்று. அவர் இரண்டு தடவை காப்பி வேண்டுமா என்று கேட்டார். மூன்றாவது தடவை கேட்காமலே கொண்டுவந்து வைத்தார். அது ஆறிப்போய் ஏடு படிந்தது.

நாலு மணிக்குத் தேவானை வந்தாள். மந்தைவெளியில் ஆறு எருமை வைத்துக்கொண்டு அந்தத் தெருவுக்குப் பால் ஊற்றுகிறவள். அன்றைக்கு ஹம்சா எழுந்து வரவில்லை. பாத்திரம் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்த் தேவானை தானே உள்ளே எட்டிப் பார்த்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

"இன்னா மாமி, எருமைய ஊட்டுக்குள்ள கட்டிகீறீங்க?"

ஹம்சா நிமிர்ந்தாள்.

தேவானை பால் கேனை வாசற்படியிலேயே வைத்துவிட்டு உள்ளே வந்தாள். கொலுவைப் பார்க்கவில்லை. நேரே எருமையின் பின்னால் போய்க் குந்தி, இடது பின்னங்காலைக் கையால் தடவினாள்.

"தொடாதே, தொடாதே!" என்று பதறினார் ஸ்ரீனிவாசராகவன். "பூஜையில வெச்சிருக்கு!"

"இரு சாமி. இது நம்ம பொம்மிதானே?" அவள் ஹம்சாவைப் பார்த்துக் கேட்டாள். "பஸ்ஸு இடிச்சதுலேந்து இந்தக் காலை ஊனவே மாட்டா. பாரு, இப்பவும் குளம்ப நுனில வச்சிகினு, பாரம் பூரா அந்தப் பக்கம் சாச்சிகினு நிக்கிறா. நோவுது அவளுக்கு." முழங்கால் இருக்கும் இடத்தில், ஸ்பானரும் குழாய் முட்டும் சேருகிற வீக்கத்தில், கட்டைவிரலால் அமுக்கினாள். "இன்னும் வத்தல பாத்தியா."

ஹம்சா நாற்காலியை விட்டு எழுந்தாள். பஸ் நிலையத்துக்குப் பின்னால் குட்டையோரம் நின்று அந்த எருமையை அவள் எத்தனை சாயங்காலம் பார்த்திருக்கிறாள். யாரிடமும் சொன்னதில்லை, தேவானையிடம்கூட. காலை அப்படிச் சாய்த்து நிறுத்துவதற்கு மட்டும் ஒரு மாதம் ஆயிற்று. மூன்று தடவை அறுத்து மறுபடி ஒட்டவேண்டியிருந்தது.

"பொட்டு வச்சவரு நெத்திக்கு வைக்காம காலுக்கெல்லாம் வச்சிகீறாரே, இன்னா சாமி நீ?" என்றாள் தேவானை. தட்டிலிருந்து குங்குமத்தைத் தொட்டு இரண்டு கொம்புக்கும் நடுவே ஒரு தீற்று தீற்றினாள்.

ஸ்ரீனிவாசராகவன் சட்டைப்பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். தேவானைக்குப் பக்கத்தில் முழங்கால் நெட்டி முறிய உட்கார்ந்தார். பின்னங்காலைப் பார்த்தார். அங்கிருந்து இடுப்பு, விலா, கழுத்து என்று பார்வை மெதுவாக ஏறியது. தலைக்கு வந்ததும் நின்றது. இந்தத் தடவை அவர் எதையும் ஒன்று, இரண்டு என்று எண்ணவில்லை. ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். கடிகாரம் நாலேகாலைத் தாண்டியதை ஹம்சா பார்த்தாள், பேசவில்லை. பேசினால் கலைந்துவிடுமோ என்று பயமாக இருந்தது.

"ஆமாம்" என்றார் கடைசியில், யாரிடமோ சொல்வது போல. "வலிக்கத்தான் வலிக்கறது."

பிறகு எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, குரலைக் கனைத்தார். "ஹம்சா, நவராத்திரில அம்பாள் வதம் பண்றதே மகிஷாசுரனைத்தான். அந்த நாள்ல எருமையைப் பூஜையில வெச்சுக்கப்படாது. மகா தோஷம். உடனே வெளியில கொண்டுபோயிடணும்."

அப்படி ஒரு சாஸ்திரம் எந்த ஏட்டிலும் கிடையாது. அது ஹம்சாவுக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.

"சும்மா நின்னுண்டிருக்கியே, அந்தப் பக்கம் பிடி" என்றார்.

தெருமுனையில் ஆட்டோ ஒன்று வாழைக்கன்றும் மாவிலையுமாகப் பூஜை முடித்து நின்றது. பூசணிக்காய் உடைத்த நடுரோட்டில் வழுக்காமல் மூன்று பேரும் எருமையைச் சுமந்துகொண்டு போனார்கள். டிரைவர் முதலில் வரமாட்டேன் என்றான். தேவானை போட்ட சத்தத்தில் வந்தான். ஆட்டோ கிளம்பும்போது மணி நாலு முப்பத்தெட்டு, சுத்தமான ராகுகாலம். ஸ்ரீனிவாசராகவன் மணியைப் பார்த்தார், வாயைத் திறக்கவில்லை. எருமையின் கழுத்தைச் சுற்றிக் கைபோட்டுக்கொண்டு, பள்ளம் வரும்போதெல்லாம் டிரைவரின் முதுகைத் தட்டி, "மெதுவாப்பா, மெதுவா" என்றார்.

ஆழ்வார்பேட்டையில் மண்டபத்து வாசலில் இறக்கியபோது ஐந்துக்கு ஏழு நிமிஷம் இருந்தது. காக்கிச்சட்டை போட்ட வாட்ச்மேன் கொட்டாவி விட்டுக்கொண்டே வந்தான். எருமையை மேலும் கீழும் பார்த்துவிட்டு, காலால் மெல்ல ஒரு தட்டு தட்டினான்.

"இன்னும் ஒரு இரும்பா? உருட்டிகினு போயி அப்பிடி ஓரமா போடு சார்."

ஹம்சாவுக்குச் சுரீர் என்றது. வாயைத் திறந்தாள். அவளுக்கு முன்னால் இன்னொரு குரல் வெடித்தது.

"இரும்பா? கண்ணு தெரியறதாய்யா உமக்கு? எருமைய்யா அது! பின்னங்கால்ல அடிபட்டு நிக்கறது, அதைப் போய் உதைக்கறீரே, மனுஷன்தானா நீர்? உருட்டறதாம் உருட்டறது! வாரும், அந்தப் பக்கம் பிடியும். கால்ல படாம! கால்ல படாமன்னு சொல்றேன்!"

இருபத்துமூன்று வருஷத்துத் தாம்பத்தியத்தில் அவர் இப்படிக் கத்தி ஹம்சா கேட்டதில்லை. வேட்டி அவிழ்கிறதுகூடத் தெரியாமல் வாட்ச்மேனோடு மல்லுக்கு நின்றார். சத்தம் கேட்டு, கையில் பட்டியலும் பேனாவுமாக டில்லிப் பெண்மணி வெளியே வந்தாள். உங்கள் பெயர் என்ன, இங்கே கையெழுத்துப் போடுங்கள் என்றாள். ஹம்சா பேனாவை வாங்கிக் குனிந்தாள். கோடு தெரியவில்லை, காகிதமே கலங்கிக் கலங்கித் தெரிந்தது. ஏழு வருஷமாக எட்டிப் பார்க்காத அழுகை, ஐந்துக்கு மூன்று நிமிஷம் இருக்கும்போதுதானா வந்து தொலைய வேண்டும் என்று அவளுக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது.