அன்று அனுப்பாத விரல்

கிரேன்காரர் முதன்முதலில் அந்தப் படத்தைப் போனில் அனுப்பியபோது அவர் மனைவிக்கு ஒன்றும் விளங்கவில்லை. மஞ்சள் நிறத்தில் ஒரு கை. ஆள்காட்டி விரல்மேல் நடுவிரல் ஏறிப் பின்னிக்கொண்டிருந்தது. "ஏங்க, கை சுளுக்கிக்கிச்சா?" என்று பதறிப்போய்க் கேட்டாள்.

"அடிப்பாவி! நல்லபடியா முடியணும்னு வேண்டிக்கிட்டு விரலைப் பின்னிக்கிறது அது. பரீட்சைக்குப் போற பசங்களுக்கெல்லாம் இதைத்தான் அனுப்புறாங்க," என்று சிரித்தார் மனிதர்.

சிரித்ததோடு விட்டாரா? தினமும் காலையில் தனக்கு அதை அனுப்பச் சொன்னார். அது பழக்கமாகி, பழக்கம் பயமாகிப்போனது. காலையில் அவளிடமிருந்து அந்த விரல் வந்து சேராமல் கிரேன் ஏணியில் கால் வைக்க மாட்டார். அத்தனை உயரத்தில் தனியாக உட்கார்ந்து இரும்பைத் தூக்குகிற ஆள், ஒரு பொம்மை விரலுக்காகக் கீழே காத்துக் கிடப்பார். என்னத்தைச் சொல்ல!

அன்று அவள் அனுப்பவில்லை. முந்தின நாள் சண்டை. அவள் தம்பி அதே கட்டட வேலையில், கீழே நின்று கிரேனுக்குச் சைகை காட்டுகிறவன். ஓட்டவும் பழகி லைசென்ஸ் வாங்கிவிட்டான். "அவனையும் ஒரு நாள் மேல ஏத்துங்களேன்," என்று கேட்டதற்கு, "காத்து அடிச்சா அவனுக்குக் கை நடுங்குது. இப்ப வேணாம்," என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார். அவளுக்குச் சுருக்கென்றது. என் தம்பி என்றால் அவ்வளவு இளக்காரமா? தான் வேலை பார்க்கும் தையல் கூடத்துக்கு வந்ததும் போனைப் பைக்குள் திணித்துவிட்டு மிஷினில் உட்கார்ந்தாள். தவிக்கட்டும்.

மதியத்துக்கு முன்பே காற்று கிளம்பியது. ஜன்னல் கதவு படாரென்று அடித்தது. சாத்தப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். கூரைகளுக்கு அப்பால் கிரேன் தெரிந்தது. கொக்கியில் தொங்கிய கம்பிக்கட்டு தாறுமாறாக ஆட, கிரேனின் நீண்ட கை முழுவதும் உதறியது.

ஓடிப்போய்ப் போனை எடுத்து விரலை அனுப்பினாள். மறுபடி அனுப்பினாள். அனுப்பிக்கொண்டே இருந்தாள். அவர் பார்க்கவில்லை. கூப்பிட்டாலும் எடுக்கவில்லை.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?" என்றாள் பக்கத்து மிஷின்காரி. இவள் மறுபடி போனைக் காதில் வைத்தாள். பாழாய்ப்போன வீம்பு, பாழாய்ப்போன வீம்பு என்று மனசு அடித்துக்கொண்டது.

ஒருவழியாக எடுத்தார்.

"ஏங்க! எங்க இருக்கீங்க?"

"கீழதான். நான் ஏறல. நீ அனுப்பலையா, எனக்கு மனசே கேக்கல."

போன உயிர் திரும்பி வந்தது. தரையிலேயே உட்கார்ந்து, அழுகையும் சிரிப்புமாக, "நல்லவேளைங்க, நல்லவேளை," என்றாள். ஆடிக்கொண்டிருந்த கிரேன் அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

"அப்ப... மேல யாருங்க?"

"நான் வேணாம்னு எவ்வளவோ சொன்னேன்மா. சூப்பர்வைசர் அவசரப்படுத்தினார். 'அக்கா ரொம்ப ஆசைப்பட்டா மாமா'ன்னுட்டு உன் தம்பி ஏறிட்டான்."

"இறங்கச் சொல்லுங்க!"

"இந்தக் காத்துல ஏணியில கால் வைக்க முடியாது. வாக்கி-டாக்கில கூப்பிட்டுக்கிட்டேதான் இருக்கேன். பதில் சொல்ல மாட்டேங்கிறான்."

ஜன்னல் இரண்டடி தூரத்தில்தான் இருந்தது. எழுந்து பார்க்க அவளுக்குத் துணிவில்லை.