ரெண்டு மடங்கு வேகம்

ஹாஜரா பாடம் வாசிக்க உட்கார்ந்தால் வீடே மூச்சடக்கிக்கொள்ளும். ஜன்னலைச் சாத்தி, ஃபேனை அணைத்து, ஃபிரிட்ஜின் பிளக்கையும் பிடுங்கிவிடுவாள். வேர்த்து ஊற்றும். போனில் பதிவைப் போட்டு, வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பக்க எண்ணைச் சொல்லித்தான் தொடங்குவாள். படம் வந்தால் அதையும் விவரிப்பாள். அவள் வாசிப்பது மம்சாபுரத்து விஜயபாண்டிக்காக; அவனுக்குக் கண் தெரியாது. வாத்தியார் வேலைக்கான பரீட்சைக்குப் படிக்கிறான்.

கணவர் இறந்துபோன பிறகு, ராஜபாளையத்தில் அந்த வீட்டில் ஒரு குரல் கேட்கிறதென்றால் அது இந்த வாசிப்புதான். அனுப்பியதும் அவனிடமிருந்து, "கிடைச்சதும்மா" என்று எழுத்தில் பதில் வரும். அவ்வளவே.

இன்னும் ஒரே பாடம் பாக்கி. அதோடு இதுவும் நின்றுவிடும். அதற்குள் ஒரு தடவையாவது அவனோடு பேசிவிட வேண்டும் என்று அவளுக்கு இருந்தது. சனிக்கிழமை கம்ப்யூட்டர் வகுப்பு முடிந்து அவன் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் நிற்பான் என்று கேள்விப்பட்டிருந்தாள். போனாள். வெள்ளைக் கோலோடு நின்றிருந்தான்.

"தம்பி, நல்லாருக்கீங்களா?"

பேர் சொல்லவில்லை. குரல் போதாதா?

"நல்லாருக்கேன். யாரு நீங்க?"

"நான்தான்."

"நான்தான்னா?"

"புத்தகம் வாசிக்கிற ஹாஜரா."

"ஐயோ, அம்மாவா!" அவன் கையைத் துழாவி நீட்டினான். "ரெண்டு மடங்கு வேகத்துல வச்சில்ல கேப்பேன்! எனக்கு நீங்க அணில் மாதிரில்ல பேசுவீய! இங்க பாருங்க."

போனைத் தட்டினான். அவளுடைய குரல் கீச்கீச்சென்று ஓடியது. ஹாஜராவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனுக்குப் புரியட்டுமென்று நிறுத்தி நிறுத்தி வாசித்த இடமெல்லாம் அதில் காணாமல் போயிருந்ததைக் கவனித்ததும் சிரிப்பு நின்றுபோனது.

"படிக்க அம்புட்டு கெடக்கும்மா. நேரம் பத்தாது."

"அதுவும் சரிதான், தம்பி."

பஸ் வந்தது. "மம்சாபுரமான்னு பாருங்கம்மா."

"மம்சாபுரம்தான்," என்று போர்டை வாசித்துச் சொன்னாள். அவன் ஏறிக்கொண்டான்.

வீட்டுக்கு வந்து மறுநாள் கடைசிப் பாடத்தை வாசித்தாள். முடிந்த பிறகும் பதிவை நிறுத்தவில்லை. "தம்பி, இதை மட்டும் மெதுவா வச்சுக் கேளுங்க," என்றாள். அதற்கு மேல் என்ன சொல்வதென்று தெரியவில்லை. செத்த நேரம் சும்மா இருந்துவிட்டு அப்படியே அனுப்பினாள்.

சாயங்காலம் அவன் குரலிலேயே பதில் வந்தது.

"மெதுவா வச்சுத்தான் கேட்டேன். கடைசியில ஒண்ணுமே சொல்லலையேம்மா? மூச்சு விடுறது மட்டுந்தான் கேட்டுச்சு. ஒடம்புக்கு ஏதும் செய்யுதா?"

அதை இன்னொரு தடவை கேட்டாள். பிறகு போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

"ஒடம்புக்கு ஒண்ணுமில்ல, தம்பி. நீங்க சாப்பிட்டீங்களா?"

ஃபிரிட்ஜ் உறுமிக்கொண்டிருந்தது. தெருவில் யாரோ வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டிருந்தார்கள். அவள் ஜன்னலைச் சாத்தவில்லை.