யோக்கஹாமாத் தெருவின் சிவப்பு வானம்

ஃப்ரேம் போட்டு ஜலால் கொடுத்துவிட்டுப் போன படத்தைச் சுவரில் சாய்த்துவைத்து ஞானசௌந்தரி முறைத்துக்கொண்டிருந்தாள். இது அந்தப் படமே இல்லை!

கப்பலில் வேலை பார்த்த புருஷன் எட்மண்ட் யோக்கஹாமாவில் வாங்கி அனுப்பியது. மரக்கட்டையில் செதுக்கி அச்சடித்த பழைய ஜப்பான் படம். குதிரை வண்டி, கேஸ் விளக்கு, கிமோனோக்காரிகளுக்கு நடுவே கோட்டும் தொப்பியுமாக ஆண்கள், மேலே ரத்தச் சிவப்பில் வானம். படம் வந்து சேர்ந்த வாரமே அவர் இறந்த தந்தியும் வந்தது. அவர் கை பட்டதென்று அவளிடம் மிஞ்சியது இது ஒன்றுதான். இதன் அடியில் வரிசையாக ஜப்பான் எழுத்து இருந்ததே, எங்கே போயிற்று?

"ஃபாரின் படத்தை யாராவது தாம்பரம் மார்க்கெட்ல ஃப்ரேமுக்குக் குடுப்பாங்களா?" என்றாள் பக்கத்து வீட்டு மெட்டில்டா. "நிஜத்தை அமுக்கிட்டு, காப்பி அடிச்சு உன் தலையில கட்டிட்டான்."

கல்யாண போட்டோவிலிருந்து ஏசுநாதர் படம்வரை ஜலால்தான் கண்ணாடி போட்டவன். கேட்டால் இல்லையென்று சாதிப்பான். கேட்காவிட்டால் இவளுக்குத் தூக்கம் வராது. சே, என்ன பிழைப்பு!

அப்போதுதான் ஞாபகம் வந்தது. படத்தின் பின்பக்கம் ஒருநாள் அவளே காபி டம்ளரை வைத்துத் தொலைத்திருந்தாள். அந்த வட்டக் கறை இருந்தால் நிஜம், இல்லையென்றால் திருட்டு. ஆனால் பின்பக்கத்தை அட்டையோடு ஒட்டிவைத்திருந்தான் பாவி. மைதாப் பசைதானே, ஊறினால் விடாதா?

ஃப்ரேமைக் கழற்றி, துணி ஊறவைக்கிற பேசினில் அட்டையோடு அமுக்கினாள். பசை இளகியதும் நுனியைப் பிடித்து உரித்தாள். பின்பக்கம் பழுப்பாக, வட்டமாக, அவள் வைத்த அதே கறை.

"ஐயோ, ஜலாலைப் போய்ச் சந்தேகப்பட்டேனே!" என்று வெட்கமும் சந்தோஷமுமாகப் படத்தைத் திருப்பினாள். வானம் கரைந்து பேசின் முழுக்கச் சிவந்திருந்தது. குதிரை வண்டியையும் கேஸ் விளக்கையும் காணோம். காகிதம் கையோடு பிய்ந்து வந்தது.

வாசலில் சைக்கிள் மணி அடித்தது. ஜலால் ஓட்டமாக வந்தான்.

"அக்கா, மன்னிச்சுக்கங்க. எப்பவும் காலண்டர் படத்துக்கே ஃப்ரேம் போட்டுகினு கீறேனா, கீழ எழுத்து இருந்தா கடைப் பேருன்னு கை தானா வெட்டிடுது. இதையும் வெட்டிட்டேன். குப்பையெல்லாம் கிளறி எடுத்தாந்துட்டேங்க்கா." நீளமான காகிதத் துண்டை நீட்டினான். "படத்தைக் குடுங்க, சேத்து ஒட்டித் தரேன்."

ஞானசௌந்தரி சிவந்த கைகளை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.