தண்ணீர்த் தொட்டிக்குள் பாவாத்தாள்

1
முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடலாம்: இந்தக் கதை இரவல். வானத்திலிருந்து இறங்குகிறவர்கள், காலியாகும் ஊர், ஒளிந்துகொள்ளும் பெண், எல்லாமே இதை எழுதும் ரைஹான் வெளிநாட்டுக் கதைகளிலிருந்து எடுத்தவை. போத்தனூரில் உட்கார்ந்து அவன் எழுதிய முதல் வரி:

பனி கொட்டிக்கொண்டிருந்த அந்த

(அடித்தாயிற்று. இங்கே ஏது பனி கொட்ட?)

அடுத்தது: வெள்ளலூர்க் குளத்தின்மேல் அது சத்தமில்லாமல் வந்து நின்றது. பாவாத்தாள் வீட்டு நிலவறைக்குள் ஓடினாள்.

மனைவி உஸ்மா படித்துவிட்டுச் சிரித்தாள். "ஏனுங்க, நம்ம பக்கம் யாரு ஊட்டுலங்க நிலவறை இருக்குது?"

2
ஆகவே நிலவறை தண்ணீர்த் தொட்டியானது. வாசலில், தரைக்கடியில், இரும்பு மூடி போட்டது. எட்டு நாளாகக் குழாயில் தண்ணீர் வராததால் தொட்டி காலி. ரைஹான் பாவாத்தாளை உள்ளே இறக்கி, கனமான மூடியைத் தானே மூடினான். பிறகு ஊரில் வெளியே இருந்தவர்களை ஒரு ஆள் விடாமல் தீர்த்துக்கட்டினான். (அவள் கணவன் தமிழ்ச்செல்வனையும்தான். அந்தப் பத்தியை உஸ்மாவுக்குக் காட்டவில்லை.)

"தொட்டிக்கு வர்ற கொழா வால்வ மூடிப்போட்டுத்தானுங்க அவ எறங்குனா?" என்றாள் உஸ்மா.

அவன் எழுதியதைத் திரும்பப் படித்தான். மூடவில்லை. எந்நேரம் தண்ணீர் வந்தாலும் தானே நிரம்பட்டும் என்று திறந்தேதானே எல்லோரும் விடுகிறோம்?

3
குழாயில் முதலில் காற்று சீறியது. பிறகு தண்ணீர். முழங்கால். இடுப்பு. அந்த நிலையிலும் பாவாத்தாளுக்கு ஒரு சந்தோஷம்: "தண்ணி உடற மாசாணண்ணன் உசுரோட இருக்காரு!"

ரைஹான் எழுதுவதை நிறுத்தினான். மாசாணத்தை அவன் முதல் பக்கத்திலேயே கொன்றிருந்தான். அப்படியானால் தெருமுனையில் தண்ணீரைத் திறந்துவிட்டது யார்?

பிறகு அவனுக்குப் புரிந்தது. எட்டு நாள் கழித்துத் தண்ணீர் வந்தால், எங்கே பதுங்கியிருந்தாலும் இந்த ஊர்க்காரர்கள் குடத்தோடு வெளியே வருவார்கள். வானத்திலிருந்து வந்திறங்கியவர்கள் அதைத் தெரிந்துகொண்டுதான் திறந்துவிட்டிருக்கிறார்கள். இதை அவன் எந்தக் கதையிலிருந்தும் எடுக்கவில்லை.

"அந்தண்ணனப் பொழைக்க வெச்சிருங்க," என்றாள் உஸ்மா. அவள் இப்போது சிரிக்கவில்லை. "ஒரு வரிதானுங்களே?"

மாசாணம் உண்மையில் சாக

(முடியவில்லை. எழுதினாலும் ரைஹானே அதை நம்பமாட்டான்.)

4
தண்ணீர் கழுத்துக்கு வந்துவிட்டது. உள்ளிருந்து அவளால் மூடியைத் தூக்க முடியவில்லை. ரைஹானால் இதற்குமேல் எழுத முடியாது; அவன் பயந்துபோயிருக்கிறான். வாசலில் இப்போது இருப்பது நீங்கள் மட்டும்தான். காலடிச் சத்தம் கேட்டு அவள் மூடியைத் தட்டுகிறாள்.

"மேல யாருங்க? ஏனுங்க... நீங்க யாருங்க?"