ஆனைஸ் படிப்பிக்கிற ஊர்

...பக்கத்தில் யாரோ நிற்கிறார்கள், இல்லாவிட்டால் ஏன் இவ்வளவு நேரம் பேசாமல் இருக்கிறாள், தொடர்பு அறுந்துவிட்டதா என்றால் அதுவும் இல்லை, கண் வெட்டுகிறாள், மூச்சு விடுகிறாள், கேட்டதற்கு மட்டும் பதில் இல்லை. ரூ லூயி-பிளாங்கில் மடுத்தீனின் கைபேசி திருத்தும் கடையில் பொழுதுபட்டு விளக்குப் போட்டாயிற்று, அலாஸ்காவில் இன்னும் விடியவில்லை, பள்ளி தொடங்குமுன் வெறும் வகுப்பறையிலிருந்து மகள் ஆனைஸ் வீடியோவில் கதைக்கிறாள். யுப்பிக் என்ற ஆதிக்குடிச் சனங்களின் சின்ன ஊராம், றோட்டே இல்லையாம், அரிசி பருப்பெல்லாம் சின்ன விமானத்தில் வர வேண்டுமாம், காற்றடித்தால் அதுவும் வராதாம்... பாரிஸில் பிறந்த பிள்ளைக்கு அங்கே என்ன இருக்கிறது? ஒரு வருடம் என்று போனாள், அது இரண்டாயிற்று, அடுத்த வருடத்துக்கும் கொந்த்ராவில், வேலை ஒப்பந்தத்தில், கையெழுத்துக் கேட்கிறார்கள் என்று போன கிழமை வாய் தவறிச் சொன்னாள். வாய் தவறியா, வேண்டுமென்றா? அதனால்தான் இன்று எடுத்தவுடனேயே கேட்டார்: “ஆனியிலை இஞ்சை வாறியோ, இல்லை அங்கையே இருக்கப்போறியோ?” அவள் வாய் திறக்கவில்லை. புருவத்தை ஒரு தரம் மேலே தூக்கி இறக்கினாள், அவ்வளவுதான். அதென்ன, உங்களுக்கென்ன வந்தது என்கிறாளா?

முன்பு இப்படியில்லை, ஒரு சொல் கேட்டால் பிரெஞ்சில் பத்துச் சொல் பொரிந்து தள்ளுவாள். இந்தப் பிள்ளைகளிடம் கேட்டுவிட்டுப் பொறுத்திருக்க வேண்டும் பப்பா, நான் வந்த புதிதில் ஓயாமல் கதைத்தேன், வகுப்பு முழுக்க ஊமையாகிவிட்டது என்று ஒருநாள் சொன்னாள். படிப்பிக்கப் போனவள் பேசாமலிருக்கப் பழகுகிறாளாம், நம்பக்கூடிய கதையா? கதிரையில் மயிர்த்தோல் வைத்த சட்டை ஒன்று தொங்குகிறது, ஆம்பிளைச் சட்டை மாதிரி, கேட்டால் ஒரு பிள்ளையின் மாமி தைத்துத் தந்ததாம். சப்பல் தமிழ்க் கடைத்தெருவில் கருவாட்டுக் கடையைக் கண்டால் மூக்கைப் பொத்தியவள் இப்போது காய்ந்த சமன் மீனைப் பிய்த்துப் பிய்த்துச் சப்புகிறாள், யார் பழக்கினது? மனிசி துஷ்யந்திக்குத் தெரிந்திருக்கும், தாய்க்குத் தெரியாமலா, கேட்டால் “சொல்லுவாள்தானே” என்று கறியைத் துழாவுகிறாள்... “அண்ணை, அந்த ஸ்கிரீனை அமத்தி உடைச்சுப்போடாதேங்கோ, ஆக்களின்ரை சாமான்” என்கிறான் பக்கத்து மேசைச் சேந்தன், “மருமோன் என்ன, நாய்வண்டியிலையோ வாறார்?” வாயைப் பொத்தடா என்று சொல்ல வாயெடுத்தார், அதற்குள் மகளுக்குப் பின்னால் கதவு திறந்தது.

பிடித்துவிட்டேன் என்று நெஞ்சு துள்ளிற்று. வந்தது ஒரு சின்னப் பெண்பிள்ளை, தொப்பியெல்லாம் பனி. சாப்பிட்டாயா என்று ஆனைஸ் இங்கிலிசில் கேட்டாள். பிள்ளை வாய் திறக்காமல் புருவத்தைத் தூக்கி இறக்கிவிட்டு உள்ளே போய்விட்டது. “மறுமொழி சொல்லாத பிள்ளையை ஏன் சும்மா விட்டனீ?” “சொன்னவள்தானே, பப்பா.” “எப்ப சொன்னவள்?” ஆனைஸ் சிரித்துக்கொண்டு தன் புருவத்தைத் தொட்டுக் காட்டினாள், “இஞ்சை இதுதான் ஓம்.” அப்படியானால் தனக்கும் ஓம் என்றுதான் சொல்லியிருக்கிறாள், ஆனால் எதற்கு ஓம், வாறதற்கா, இருக்கிறதற்கா, இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டவர் அவர்தானே, நடுவில் ஒரு இடைவெளி விட்டாரா? இல்லை, எப்போதும் விட்டதில்லை. சரி, இப்போது ஒன்றை மட்டும் கேட்போம். “அங்கையே இருக்கப்போறியோ, பிள்ளை?” கேட்டுவிட்டுப் பொறுத்தார். சத்தமில்லை. வெளியே பாலத்தில் மெத்ரோ போய் ஓய்ந்தது, பிறகும் சத்தமில்லை, இந்த ஊமைத்தனம்தான் பிடிக்காது, எதையோ மறைக்கிறாள்... சத்தம் ஏன் வரவேண்டும், அவள் எப்போதோ சொல்லி முடித்திருப்பாள், தலை நிமிர்ந்தால் தெரிந்துவிடும், கேட்ட நேரத்திலிருந்து மேசையில் கிடக்கும் திருகாணியையே பார்த்துக்கொண்டிருப்பது அவர்தான்.